பொம்மைக்கு மூச்சு பதினெட்டு

செய்முறைத் தேர்வில் பொம்மைக்கு மூச்சு நிமிடத்துக்குப் பதினெட்டு என்று வகுப்பில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். அவன் தாள்களைக் கடைசிவரை புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தான். அறையின் நடுவே கட்டிலில் பொம்மை படுத்திருந்தது. மாணவிகள் அதைப் 'பெரியவர்' என்று கூப்பிடுவார்கள். பெரியவருக்கு ரப்பர் தோல், கழற்றி மாட்டக்கூடிய பற்கள், இரண்டு கைகளிலும் ஊசி போட்டுப் பழகிய ஓட்டைகள். மணிக்கட்டுக்குள் ஒரு சின்ன மோட்டார் நாடியைத் துடிக்க வைக்கும். இடது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் இரத்த அழுத்தம்கூடக் கிடைக்கும். மூச்சு மட்டும் கிடையாது. மார்புக்குள் இருந்த காற்றுப்பை போன வருடமே கிழிந்துவிட்டது. மாற்றித் தருகிறோம் என்றவர்கள் சொன்னதோடு சரி.

செவிலியர் உதவியாளர்களுக்கான அந்தப் பயிற்சி நிலையத்தில் அவன் ட்யூட்டர். நர்சிங் பட்டம் வாங்கி, சில வருடங்கள் வார்டில் வேலை பார்த்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவன். இப்படி ஒரு கூத்து முன்பு நடந்திருந்தால் அன்றைக்கு முழுவதும் அதை வைத்தே ஓட்டியிருப்பான். பெரியவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகுது, நீங்க உட்கார வச்சு மூச்சுவிட வச்சிருக்கீங்க, உங்களையெல்லாம் ஐ.சி.யு.வுல போட்டா ஒரு ஆளும் சாக மாட்டான் என்று ஆரம்பித்திருப்பான். மாணவிகள் அதற்குத்தான் காத்திருந்தார்கள். சிரிக்கத் தயாராக உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாக்கியம் அவனிடம் இருந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே புருவத்தைத் தூக்க வேண்டும் என்பதுகூடத் தெரிந்திருந்தது. அதை வாய்வரை தூக்கிக்கொண்டு வரத்தான் உள்ளே ஆளில்லை.

"யாராவது எண்ணுனீங்களா?" என்று கேட்டான்.

பிறகு இரண்டாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் 'டவுட்டு' என்று பெயர் வாங்கிய பெண்.

"நான் எண்ணுனேன் சார்."

"எவ்வளவு வந்துச்சு?"

"ஒன்னும் வரல சார்."

"அப்புறம் ஏன் பதினெட்டுன்னு போட்ட?"

"எனக்குத்தான் எண்ணத் தெரியலைன்னு நெனச்சேன் சார். பல்ஸ் நார்மல், பி.பி. நார்மல். எல்லாம் நார்மலா இருக்கற மனுஷன் மூச்சு மட்டும் விடாமலா இருப்பாரு?"

வகுப்பு சிரித்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் டவுட்டின் இடுப்பில் கிள்ளினாள். அவன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு எழுந்து போய்ப் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முன்பே நடத்திய பாடத்தைத் திரும்பவும் சொன்னான்.

"வைட்டல்ஸ்ல மத்ததுக்கெல்லாம் மெஷின் இருக்கு. மூச்சுக்கு உங்க கண்ணுதான். எண்ணப் போறேன்னு பேஷன்ட்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா மூச்சு மாறிடும். யாரா இருந்தாலும் மாறிடும். மொதல்ல நாடி பாருங்க. பாத்து முடிச்சதும் கைய விட்டுடாதீங்க, இன்னும் நாடிதான் பாக்குறீங்கன்னு அவங்க நெனச்சுக்கட்டும். கண்ண மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோங்க. சட்டை பட்டன் ஏறி எறங்குனா ஒன்னு. ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும்."

"ஏமாத்துற மாதிரி இருக்கே சார்" என்றாள் டவுட்டு.

"ஏமாத்துறதுதான். ஆனா எழுதுற நம்பர்ல ஏமாத்தக் கூடாது. எண்ணலைன்னா எண்ணலைன்னு எழுதுங்க."

மூச்சுக்கான மதிப்பெண்ணை எல்லோருக்கும் அடித்தான். வெளியே வரும்போது நடைவழியில் மூத்த ட்யூட்டரம்மா நின்றிருந்தார். "சாப்பிட்டீங்களா சார்?" என்றார். "சாப்பிட்டேன் சிஸ்டர்" என்றான். சாப்பிட்டிருக்கவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்றும் நினைக்கவில்லை. இரண்டு பதில்களுக்கும் நடுவில் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கைக்கு முதலில் கிடைத்ததைச் சொன்னான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பாடத்தை அவன் தன் மனைவியிடம்தான் ஒத்திகை பார்த்தான். கட்டிலில் படுக்க வைத்து, கையைப் பிடித்து, நாடி பார்ப்பதுபோலப் பாசாங்கு செய்துகொண்டு கண்ணை மெல்ல அவள் மார்புக்கு நகர்த்துவான். ஒரு தடவைகூட அவளை ஏமாற்ற முடிந்ததில்லை. "திருடா, மூச்ச எண்ற" என்பாள். உடனே மூன்று மாடி ஏறி வந்தவள்போல இரைக்க ஆரம்பிப்பாள். இல்லையென்றால் மூச்சை அடக்கிக்கொண்டு, கன்னம் உப்ப, கண் பிதுங்கக் கிடப்பாள். "உன் பொண்டாட்டி அவுட்டு, எழுதிக்கோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொல்லி, சொல்லி முடிக்குமுன் சிரித்துவிடுவாள். மூச்சு முழுவதும் வீணாகப் போகும்.

பிறகு அவளுடைய நுரையீரலே சுருங்க ஆரம்பித்தது. மருந்து அதன் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்னபடியே நடந்தது. யார்மேலும் தப்பில்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள மாமியார் வந்து சேர்ந்தாள். அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். அவன் பகலில் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். சிஸ்டாலிக், டயஸ்டாலிக், ஆக்சிஜன் சாச்சுரேஷன் எல்லாவற்றையும் ஒரு எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொண்டாள். மூச்சை எண்ணும் ரகசியத்தையும் சொல்லிக்கொடுத்தான். எண்கள் எதையும் மறைக்கவில்லை. என்ன நடக்கப்போகிறது என்பதை ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டே இருந்தன. கடைசி வாரங்களில் அவன் கையைப் பிடித்து எண்ணினால் மனைவி கண்டுகொள்வதை விட்டுவிட்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூச்சு உள்ளபடியே வந்துபோகும், புத்தகத்தில் எழுதியிருப்பதுபோல, எண்ணுவதற்கு வசதியாக.

அவள் போனபிறகு அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரியங்கள் முடிந்ததும் வேலைக்குப் போனான். சவரம் செய்துகொண்டான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினான். அழுகை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் எதிர்பார்த்தான். பாதி வந்து மூக்கில் நின்றுவிட்ட தும்மல்போல அது எங்கேயோ நின்றுவிட்டது. எப்படி இருக்கே என்று கேட்டவர்களிடம் "இருக்கேன்" என்றான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தபோது பரண்மேல் இருந்த பெட்டி கீழே இறங்கியிருந்தது. மாமியார் தரையில் உட்கார்ந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய புடவைகள் ஒரு பக்கம். அவன் மகளின் சின்னச் சின்னக் கவுன்கள் இன்னொரு பக்கம், மடித்தும் மடிக்காமலும், பெட்டிக்குள்ளும் இல்லாமல் வெளியிலும் இல்லாமல். மகளை வீட்டில் 'வண்டு' என்று கூப்பிடுவார்கள். நான்கு வயது ஆகப்போகிறது. பெட்டியின் மூடிக்கு அடியில் புகுந்து உட்கார்ந்திருந்தாள்.

மாமனார் போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். தனியாக இருக்கிறார். மாமியார் போயே ஆக வேண்டும். மறுநாள் காலை பஸ். வண்டு கூடப் போகிறாளா, அப்பாவிடம் இருக்கிறாளா என்பதுதான் முடிவாகவில்லை. அடுத்த தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. மாமியாரே போய் விசாரித்துவிட்டு, இடம் சுத்தம், நடத்துகிறவளும் நல்ல மாதிரி என்று சொல்லியிருந்தாள். பஸ்ஸில் வண்டுவுக்கும் ஒரு சீட்டு எடுத்திருந்தாள். இரண்டு வழியும் திறந்தே இருந்தது. எது வேண்டும் என்று அவன் சொன்னால் போதும்.

கைபேசி அடித்தது. மாமனார்.

"மாப்பிள்ளை, உங்க அத்தை இல்லாம வீடு ரொம்ப நிம்மதியா இருக்கு. பயமா இருக்கு, சீக்கிரம் அனுப்பி விட்டுடுங்க."

"நாளைக்குக் கெளம்பிடுவாங்க மாமா."

"வண்டு வருதா?"

"பாக்கலாம் மாமா."

"சரி, பாருங்க" என்று வைத்துவிட்டார்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே கேட்டாள். "கவுன உள்ள வைக்கவா, வெளிய வைக்கவா?"

"உங்க இஷ்டம் அத்தை."

"என் இஷ்டத்த நான் கேக்கல மாப்பிள்ளை" என்றாள். கையிலிருந்த கவுனைப் பெட்டியின் விளிம்பில் போட்டாள். பாதி உள்ளே தொங்கியது.

சாப்பாட்டுக்கு முன்னால் பிரஷர் பார்ப்பது அந்த வீட்டில் வழக்கமாகியிருந்தது. நோயாளி போன பிறகும் மெஷின் சாப்பாட்டு மேசையிலேயே இருந்தது. எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. முதலில் மாமியாருக்கு அவன் பார்ப்பான். நூற்றி அறுபது, நூறு. மாத்திரை போட்டும் இறங்குவதில்லை. பிறகு அவனுக்கு அவள் பார்ப்பாள். அன்றைக்கும் "கைய நீட்டுங்க" என்றாள். பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்றி இருபது, எண்பது. அச்சடித்தது மாதிரி. பட்டையைக் கழற்றிய பிறகும் அவளுடைய விரல்கள் அவன் மணிக்கட்டிலேயே இருந்தன. தினமும் அப்படித்தான். வயதானவளின் வாஞ்சை என்றோ, மெஷின்மேல் நம்பிக்கையில்லை என்றோ நினைத்து விட்டிருந்தான். இன்றைக்குப் பகல் முழுவதும் அதே பாடத்தை நடத்திவிட்டு வந்திருந்ததால் பார்த்துவிட்டான். அவளுடைய கண்கள் அவன் சட்டையின் இரண்டாவது பட்டனில் இருந்தன. இன்னொரு கை அவளுடைய முழங்கால்மேல் கிடந்தது. அதில் ஒரு விரல், ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப டைப் அடிப்பதுபோல, மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே போன மூச்சு அங்கேயே நின்றது. அடுத்ததை அவன் இழுக்க வேண்டியிருந்தது. எவ்வளவு இழுப்பது, எப்போது விடுவது என்று ஒவ்வொன்றையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. சாதாரணமாக விடுவது எப்படி என்பது மறந்துவிட்டது. முழங்கால்மேல் தட்டிய விரல் நின்றது.

"கண்டுபிடிச்சிட்டீங்க" என்றாள். கையை விடவில்லை.

"எத்தன நாளா அத்தை?"

"அவ போனதுலேர்ந்து."

"எதுக்கு?"

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. மத்ததெல்லாம் மெஷின் சொல்லிடும், மூச்சுக்குத்தான் ஆளு வேணும்னு."

"நான் நார்மலாத்தான் இருக்கேன் அத்தை."

"இருக்கீங்க. தினமும்தான் பாக்குறேனே. நூத்தி இருபது, எண்பது. நாடி எழுபத்திரண்டு. மூச்சு பதினாறு." நிறுத்தினாள். "என் பொண்ணு செத்துப்போயிருக்கா மாப்பிள்ளை. எனக்கு நூத்தி அறுபதுக்குக் கீழ எறங்க மாட்டேங்குது. உங்களுக்கு மட்டும் எப்படி எல்லாம் நார்மலா இருக்கு?"

குரலில் கோபமில்லை. டைப் அடிக்கக் கொடுத்த கடிதத்தில் ஒரு வார்த்தை புரியாவிட்டால் அதிகாரியிடம் போய்க் கேட்பதுபோலக் கேட்டாள். அதே கேள்வி அவனிடமும் இருந்தது, கேட்க ஆள் இல்லாமல்.

"கோச்சுக்காதீங்க" என்றாள். "இப்படி இருக்கற ஆளுகிட்ட பிள்ளைய விட்டுட்டுப் போலாமா? இல்ல, இப்படி இருக்கற ஆளுகிட்டேர்ந்து பிள்ளையையும் எடுத்துட்டுப் போலாமா? எனக்கு ரெண்டும் தெரியல. எண்ணிப் பாத்தா தெரியும்னு பாத்தேன். தெரியல. நீங்க வேணும்னு சொல்லுங்க, வேணாம்னு சொல்லுங்க. எதுனாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். உங்க இஷ்டம்னு மட்டும் சொல்லாதீங்க."

அவன் மேசையைப் பார்த்தான். மெஷினின் திரையில் எண்கள் இன்னும் இருந்தன. சற்று நேரத்தில் அது தானாகவே அணைந்துவிடும்.

"காலையில பாக்கலாம் அத்தை" என்றான்.

அவள் கையை விட்டாள்.

காலையில் எழுந்து வந்தபோது கவுன்கள் எல்லாம் பெட்டிக்குள் போயிருந்தன. அவன் சொல்லாததை அவள் அப்படி எடுத்துக்கொண்டிருந்தாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள். பெட்டி வாசல் பக்கம் நின்றது. வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. வண்டு ஒரு காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு சோபாவில் குப்புறக் கிடந்தாள். எழுந்திரு என்றால் எழவில்லை. பால் வேண்டாம் என்றாள்.

"உடம்பு கதகதன்னு இருக்கற மாதிரி இருக்கு" என்றாள் மாமியார். "ஜுரமான்னு பாருங்க மாப்பிள்ளை. ஜுரம்னா அவ்வளவு தூரம் பஸ்ல கூட்டிட்டுப் போக மாட்டேன்." தண்ணீர் பாட்டிலை நிரப்பச் சமையலறைக்குப் போனாள்.

அவன் தெர்மாமீட்டரை எடுத்து வந்து, மகளைத் திருப்பிப் போட்டு, அக்குளில் வைத்து, அவள் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டான். உடம்பு கதகதப்பாகத்தான் இருந்தது. தூங்கி எழுந்த குழந்தையின் கதகதப்பு. அதை அவனுக்குத் தொட்டதுமே தெரிந்தது.

"ஊசி போடுவியா?" என்றாள்.

"இல்ல."

"பஸ்ல நான் ஜன்னல் பக்கம்."

"சரி."

"பாட்டி நடுவுல. நீ அந்தப் பக்கம்."

"நான் வரலைடா."

அவள் யோசித்தாள். மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப உன்ன யாரு எழுப்புவா?" என்றாள்.

தினமும் காலையில் அவள்தான் எழுப்புவாள். கட்டில்மேல் ஏறி, அவனுடைய கண் இமை ஒன்றை விரலால் தூக்கி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் இறங்கிப் போய்விடுவாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தெர்மாமீட்டர் கூவியது. எடுத்துப் பார்த்தான். தொண்ணூற்றேழு பாயின்ட் எட்டு.

"எவ்வளவு?" சமையலறையிலிருந்து குரல் வந்தது. குழாய் மூடும் சத்தம்.

அவன் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வாசலில் பெட்டி நின்றது. சோபாவின் அடியில் ஒரு சின்ன ஷூ கவிழ்ந்து கிடந்தது.

"நூறு பாயின்ட் நாலு" என்றான்.

வார்டில் ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கும் அதே குரலில்தான் வந்தது. சொல்லிவிட்டுத் தெர்மாமீட்டரின் பொத்தானை அமுக்கினான். எண் அழிந்தது. காதுக்குள் ஏதோ இடித்தது. அது தன் நாடி என்று தெரியச் சற்று நேரம் பிடித்தது.

மாமியார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வண்டுவின் பக்கத்தில் உட்கார்ந்து புறங்கையை நெற்றியில் வைத்தாள். பிறகு கழுத்தில். பிறகு கவுனைத் தூக்கி வயிற்றில். மூன்று பிள்ளைகளுக்கு ஜுரம் பார்த்த கை. திரும்பி அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். கண்ணை எடுக்கத் தோன்றவில்லை. அவன் கையில் அணைந்த தெர்மாமீட்டர் இருந்தது. அதைக் கொடுங்கள் என்று அவள் கேட்டிருக்கலாம்.

"ஆமா" என்றாள். "நூறு இருக்கும்."

வண்டுவின் காலிலிருந்த ஷூவைக் கழற்றி அதன் ஜோடிக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள். கீழே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"உங்க கையையும் குடுங்க" என்றாள்.

கொடுத்தான். விரல்கள் மணிக்கட்டைத் தேடி நின்றன. நாடியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண்கள் மேலேறி அவனுடைய சட்டைப் பட்டனுக்கு வந்தன. எண்ணப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்று அவளுக்கும் தெரியும். வண்டு எழுந்து உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கீழே மறுபடி ஹாரன். மாமியாரின் விரல் முழங்கால்மேல் தட்டிக்கொண்டிருந்தது. வேகமாகத் தட்டியது, நடுவில் தவறி நின்றது, மறுபடி முதலிலிருந்து தட்டத் தொடங்கியது.